ஒப்புதல் தந்த பிறகு இந்த வீட்டுக்கு விஏ கடன் கிடையாது என்கிறார்கள்: உதவி தேவை

மிராமேசாவாசி:
அமெரிக்கத் தரைப்படையில் பணியாற்றி வெளிவந்த நான், சான் டியேகோவில் முதல் வீடு வாங்க முனைந்திருக்கிறேன். முன்ஒப்புதல் கிடைத்து, 8 லட்சம் டாலருக்கு விலை பேசி, அட்வான்ஸும் கட்டிய பிறகு, இந்த வீட்டுக்கு விஏ கடன் (அமெரிக்க முன்னாள் படைவீரர் துறை உத்தரவாதம் தரும் வீட்டுக் கடன்) செல்லாது என்று கடன் நிறுவனம் இன்று சொல்கிறது. விற்பவர் அவசரப்படுத்துகிறார். என்ன செய்யலாம்?

கணக்கன்:
கடன் உச்சவரம்பைத் தாண்டியிருப்பீர்கள். மீதித் தொகையை முன்பணமாகக் கட்டிப் பாருங்கள்.

பழையபடை:
தெரியாததைச் சொல்லிக் குழப்ப வேண்டாம். முழு உரிமை, அதாவது விஏ உத்தரவாதம் பெறும் தகுதி குறையாமல், உள்ளவருக்கு 2020 ஜனவரி முதல் உச்சவரம்பே கிடையாது. தம்பி, தகுதிச் சான்றிதழில் உரிமை முழுமையாக இருக்கிறதா, வாங்குவது தனி வீடா காண்டோவா (பொது வளாகத்தில் சொந்தமாக வாங்கும் குடியிருப்பா), பணிக்காலப் பாதிப்புக்கு இழப்பீடு பெறுகிறீர்களா என எதையும் சொல்லாமல் கேட்டால் யார் பதில் சொல்ல முடியும்? இதெல்லாம் பலமுறை எழுதியாகிவிட்டது. கேட்கும் முன் படித்திருக்க வேண்டும்.

கணக்கன்:
உச்சவரம்பு பற்றிய திருத்தத்தை ஏற்கிறேன். ஆனாலும் 5 சதவீதம் முன்பணம் கட்டினால் கடன் வாங்கும்போது ஒருமுறை செலுத்தும் விஏ கட்டணம் 2.15 சதவீதத்திலிருந்து 1.5 ஆகக் குறையும்.

பழையபடை:
40,000 டாலரைக் கொடுத்துக் கட்டணத்தில் 5,800 டாலர் மிச்சம் பிடிப்பதா? இழப்பீடு பெறுபவருக்கு அந்தக் கட்டணமே இல்லை.

கணக்கன்:
கடன் குறைந்தால் மாதத் தவணையும் குறையுமே, ஐயா. சான் டியேகோ விலையில் அதுதான் மூச்சுவிட இடம் தரும்.

வள்ளி:
அவர் கேட்டது அதுவல்ல. சகோதரரே, அது காண்டோவாக இருந்தால், உங்கள் வீடு மட்டுமல்ல, அந்த வளாகமே விஏ ஒப்புதல் பட்டியலில் இருக்க வேண்டும். எஃப்ஹெச்ஏ (அமெரிக்க மத்திய வீட்டுவசதி நிர்வாகம்) ஒப்புதல் இருப்பது போதாது. பட்டியல் விஏ இணையதளத்திலேயே இருக்கிறது. அதில் இல்லையென்றால், குடியிருப்போர் சங்கத்தின் விதிமுறைகள், வரவுசெலவுத் திட்டம், கூட்டக் குறிப்புகள் ஆகியவற்றைப் பெற்று, கடன் நிறுவனமே ஒப்புதலுக்கு அனுப்பலாம், ஆனால் அதற்கு நாளாகும். ஆகவே கடன் நிபந்தனைக்கான (கடன் கிடைக்காவிட்டால் விலகலாம் என்ற ஒப்பந்த விதிக்கான) கெடுவை நீட்டித்துத் தருமாறு உங்கள் முகவர் மூலம் எழுத்தில் கேளுங்கள். அந்த நிபந்தனையைக் கைவிடும் தாளில் மட்டும் இப்போது கையெழுத்திடாதீர்கள். கைவிட்ட பிறகு விலகினால் அட்வான்ஸை இழக்க நேரிடும்.

மிராமேசாவாசி:
காண்டோதான், உரிமையும் முழுமையாக உள்ளது. வளாகம் பட்டியலில் இல்லை. கெடுவை நீட்டிக்க விற்பவர் சம்மதிக்காததால், நிபந்தனையைக் காட்டி விலகிவிட்டேன். அட்வான்ஸ் திரும்பி வருகிறது. இனிப் பட்டியலைப் பார்த்த பிறகே வீட்டைப் பார்ப்பேன். நன்றி, வள்ளி அக்கா.