'கன்ஸ்கிரிப்ட்' (கட்டாயமாகப் படையில் சேர்த்தல்) என்னும் ஆங்கில வினையை வாக்கியத்தில் அமைப்பது எப்படி?

கேள்வி:
வணக்கம். முதல் உலகப் போரைப் பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை எழுதி வருகிறேன். 1916இல் பிரிட்டனில் கட்டாயப் படைச்சேவைச் சட்டம் வந்த பிறகு படைக்குச் சென்ற இளைஞனைக் குறித்து 'ஹீ கன்ஸ்கிரிப்டட் இன் தி ஆர்மி' என்று எழுதலாமா, 'வாஸ்' சேர்க்க வேண்டுமா? 'ஹீ என்லிஸ்டட்' (அவன் படையில் சேர்ந்தான்) என்பதற்கு 'வாஸ்' தேவைப்படுவதில்லையே.

மறுமொழி 1:
'வாஸ்' கட்டாயம் வேண்டும். தமிழில் 'சேர்ந்தான்' தன்வினை, 'சேர்த்தது' பிறவினை. 'என்லிஸ்ட்' பெரும்பாலும் முதல் வகையில் வரும். 'கன்ஸ்கிரிப்ட்' எப்போதும் இரண்டாம் வகையே. சேர்ப்பது அரசு, சேர்க்கப்படுபவன் இளைஞன். ஆகவே இளைஞனை எழுவாயாக வைத்தால் செயப்பாட்டு வினையில், 'ஹீ வாஸ் கன்ஸ்கிரிப்டட் இன்டு தி ஆர்மி இன் 1916' என்று எழுத வேண்டும். 'ஆர்மி'க்கு முன் வருவது 'இன்' அன்று, 'இன்டு'. பேசும்போது வினைக்கு இரண்டாம் அசையிலும், கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவனைக் குறிக்கும் பெயர்ச்சொல்லுக்கு முதல் அசையிலும் அழுத்தம் தருக.

இலக்கணத்தோடு வரலாற்றையும் பாருங்கள். அந்தச் சட்டம் முதலில் மணமாகாத ஆண்களுக்கும், அதே ஆண்டு மே மாதத் திருத்தத்துக்குப் பின் மணமானவர்களுக்கும் பொருந்தியது, அயர்லாந்துக்குப் பொருந்தவில்லை. உங்கள் இளைஞன் அயர்லாந்தின் டப்ளினில் வாழ்ந்தவன் என்றால் இந்த வினையே பொருந்தாது.

மறுமொழி 2:
'கன்ஸ்கிரிப்ட்' என்பதையே அமெரிக்கர்கள் பேச்சில் 'டிராஃப்ட்' என்பார்கள்: 'எல்விஸ் பிரெஸ்லி வாஸ் டிராஃப்டட்', அந்தப் பாடகர் 1958இல் படையில் சேர்க்கப்பட்டார். அங்கே கட்டாய ஆள்சேர்ப்பு 1973இல் நின்றது.

முதல் மறுமொழியில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். 'என்லிஸ்ட்' என்றாலே விரும்பிச் சேர்வது என்று கொள்ள முடியாது. 1967 முதல் கட்டாயத் தேசிய சேவை நடக்கும் சிங்கப்பூரில் அதற்கான சட்டத்தின் பெயரே 'என்லிஸ்ட்மென்ட் ஆக்ட்' என்பதால், அங்குள்ள தமிழ் இளைஞரும் 'ஐ என்லிஸ்டட் லாஸ்ட் இயர்' என்றே இயல்பாகச் சொல்கிறார்கள்.

மறுமொழி 3:
கட்டுரையில் இரண்டாம் உலகப் போரின் இந்திய வீரர்களும் வந்தால் மிகுந்த கவனம் தேவை. அப்போரில் ஏறத்தாழ 25 லட்சம் பேராக வளர்ந்த இந்தியப் படையில் கட்டாயச் சேவைச் சட்டத்தால் சேர்க்கப்பட்ட இந்தியர் இல்லை. வறுமை பலரைத் தள்ளியிருக்கலாம், ஆனால் வறுமை சட்டம் ஆகாது. 'தே வேர் கன்ஸ்கிரிப்டட்' என்று அவர்களைப் பற்றி எழுதினால் இலக்கணம் சரியாக இருக்கும், செய்தி பொய்யாகிவிடும். அவர்களுக்கு 'என்லிஸ்டட்' அல்லது 'வாலன்டியர்ட்' (தாமாக முன்வந்து சேர்ந்தார்கள்) என்று எழுதுங்கள்.