மூலமா பவுத்திரமா? ஆபரேஷன் பண்ணவங்க கொஞ்சம் சொல்லுங்க

எங்க அண்ணனுக்காக கேக்குறேன், அவர் வெக்கப்பட்டுட்டு வாயே தொறக்க மாட்டேங்குறார். ஆசனவாய் பக்கத்துல கட்டி வந்து உடைஞ்சு சீழ் வடியுது, ஆறுது, திரும்ப அதே இடத்துல வீங்குது, உக்காரவே முடியல. வீட்ல மூலம்னு சொல்லி துத்தி இலை, கருணைக்கிழங்குன்னு ஓடுது. மூலம்னா பெரும்பாலும் ரத்தம் தானே வரும்? டாக்டர் பாத்துட்டு இது பவுத்திரம், அதாவது ஆசனவாய் உள்ள இருந்து வெளித்தோல் வரைக்கும் சுரங்கம் மாதிரி ஒரு பாதை உண்டாயிருக்கு, மாத்திரைல சரியாகாது, எம்ஆர்ஐ எடுத்து பாதை எந்த தசை வழியா போகுதுன்னு பாத்துட்டு ஆபரேஷன்னு சொல்லிட்டார். தசைய அதிகமா வெட்டுனா மலத்த அடக்க முடியாம போகலாம்னு வேற சொன்னாரா, ஆளு தூங்கவே இல்ல. ஆயுர்வேதத்துல மருந்து நூல் கட்டி வாராவாரம் மாத்துவாங்களாமே, க்ஷார சூத்திரம், அதுவோ லேசரோ பண்ணவங்க இருக்கீங்களா? வலி எப்படி, திரும்ப வந்துச்சா, எப்போ வேலைக்கு போனீங்க? அவருக்கு சுகர் வேற இருக்கு.