யூனிக்ஸ் பாடத்துக்கு ஒரு சொல்: மீப்பயனரா, வேர்ப்பயனரா?

ஆய்வகக் கையேடு எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். யூனிக்ஸ் இயக்குதளத்துக்கான ஆய்வகக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு பாடத்தின் தலைப்பு மட்டும் உறுத்துகிறது. 'ரூட்' (வேர்) என்ற பெயரில் எல்லாம் செய்யவல்ல சூப்பர்யூசர் கணக்குக்கு உள்ள உரிமையைப் பல கணக்குகளுக்குத் தருவதை 'வேர்ப்பயனர் உரிமைப் பகிர்வு' என்று எழுதியிருக்கிறேன். மாணவர்கள் சிரிக்கிறார்கள். வேறு நல்ல சொல் உண்டா?

யாப்புப்பித்தன் எழுதியது:

அம்மா, மீயுரை (ஹைபர்டெக்ஸ்ட்), மீத்தரவு (மெட்டாடேட்டா) என்றெல்லாம் ஏற்கெனவே எழுதுகிறோம். மீப்பயனர் என்றே வைக்கலாம். ப் வருமா என்பதுதான் கேள்வி. மீ என்பதன் முன் வல்லினம் அல்வழியில், அதாவது வேற்றுமை அல்லாத புணர்ச்சியில், இயல்பாகவும் நிற்கும், மிகவும் செய்யும் என்கிறது நன்னூல். மீகண் இயல்பு, மீக்கூற்றில் மிகுந்தது, மீந்தோலில் மெல்லெழுத்தே வந்துவிட்டது. ஆகவே மீபயனர், மீப்பயனர், ஏன், மீம்பயனர்கூடத் தவறில்லை. மரக்கலத்தை ஓட்டுகிற மீகாமனிடம் இருப்பதும் இதே மீதான் என்பது என் துணிபு. பேசாமல் மீகாமன் என்றே வைத்தால் என்ன?

சர்வர்காவல் எழுதியது:

ஐயா, மீம்பயனர் என்றால் மீம்ஸ் போடுகிறவர் என்றுதான் பையன்கள் நினைப்பார்கள்.

வேர் வேண்டாம் என்பதற்கு என் காரணம் வேறு. ரூட் என்பது கணக்குக்கும் பெயர், கோப்பமைப்பின் தொடக்க அடைவுக்கும் (டைரக்டரி) பெயர். 'வேருக்குள் போ' என்றால் எதற்குள் போவது? மரபான யூனிக்ஸின் மையமான கெர்னல் பெயரையே பார்ப்பதில்லை. யுஐடி, அதாவது பயனர் எண், 0 என்றால் எல்லாம் நடக்கும், அவ்வளவுதான். ஃப்ரீபிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகையில் ரூட்டை எழுத்து மாற்றித் திருப்பிப் போட்ட டூர் கணக்குக்கும் யுஐடி 0 தான்.

ஆனால் உண்மையான தொல்லை 'பகிர்வு' என்ற சொல்லில். அதற்குள் மூன்று வேலைகள் ஒளிந்திருக்கின்றன. ரூட் கடவுச்சொல்லை நாலு பேருக்குச் சொல்லி வைப்பது ஒன்று. பிஎஸ்டி வகைகளில் எஸ்யூ என்ற கட்டளை போட்டு ரூட் ஆக வீல் என்ற பயனர் குழுவில் இருக்க வேண்டும். இருந்தாலும் கடவுச்சொல் பொதுவானதுதான். ஒருவர் வேலையை விட்டுப் போனால் அதை மாற்றி, மிச்சப் பேருக்கு மறுபடி சொல்ல வேண்டும். அடுத்தது, டூர் மாதிரி யுஐடி 0 கணக்கை ஆளுக்கொன்று திறப்பது. கடவுச்சொல் தனித்தனி என்பது சரி. கோப்பு யாருடையது என்று கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையிடம் கேட்டால், பயனர் பட்டியலில் 0 என்ற எண்ணோடு முதலில் நிற்கும் பெயரைத்தான் காட்டும். எழுதியது யார் என்று அப்புறம் தேடிக்கொண்டே இருக்கலாம். மூன்றாவது சூடோ, ஒரு கட்டளையை மட்டும் ரூட் உரிமையோடு ஓட்டித்தரும் கருவி. அவரவர் கடவுச்சொல், அனுமதித்த கட்டளை மட்டும், பதிவேட்டில் அவர் பெயர். இதில் பகிர்வு எங்கே வந்தது? இரவல் வாங்குகிறார், வேலை முடிந்ததும் திரும்பிவிடுகிறது. என் ஓட்டு 'அதிகார இரவல்'.

வேர்ச்சொல்லன் எழுதியது:

அதிகாரம் வடசொல். ஆளுரிமை என்க. இரவல் என்பது இரத்தலில் பிறந்தது; கணினி நிர்வாகியின் கையில் திருவோட்டைக் கொடுக்க வேண்டுமா? வேர் என்ற எளிய சொல்லை விட்டு ஏன் ஓடுகிறோம் என்றே விளங்கவில்லை. சிரிக்கிற மாணவர் இரண்டாம் வாரம் சிரிக்கமாட்டார்.

யாப்புப்பித்தன் எழுதியது:

குறளுக்கே 133 அதிகாரம். அதை வெளியேற்ற நமக்கு ஏது அதிகாரம்? இரவலர் என்றால் தலைகுனிந்தவர் என்பதையும் ஏற்கமாட்டேன். தன்னை மதிக்காத சிற்றரசன் இளவெளிமானின் காவல்மரத்தில், வள்ளல் குமணனிடம் பெற்ற யானையைக் கட்டி, 'இதோ நான் தரும் பரிசில்' என்று சொல்லிவிட்டுப் போன புலவர் பெருஞ்சித்திரனாரும் இரவலர்தானே! அப்படியானால் ரூட் புரவலர், சூடோ போடுகிறவர் இரவலர். புறநானூற்று இணை அப்படியே பொருந்துகிறது பாருங்கள்.

கருந்திரை எழுதியது:

அண்ணா, யானையை அவிழ்த்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை நெருங்குகிறது.

'அதிகார இரவல்' எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் இரண்டு ஓட்டை உண்டு. சூடோவால் ரூட்டாக மட்டுமல்ல, வேறொரு சாதாரணக் கணக்காகவும் ஒரு கட்டளையை ஓட்டலாம். 1980 வாக்கில் பஃபலோ பல்கலைக்கழகத்தில் பாப் காகஷெல்லும் கிளிஃப் ஸ்பென்சரும் எழுதியபோது அது சூப்பர்யூசருக்கானதுதான், பிறகு விரிந்துவிட்டது. அங்கே இரவல் வாங்குவது அதிகாரம் அல்ல, ஆள் அடையாளம். இன்னொன்று, விஐ தொகுப்பானை மட்டும் ஒருவருக்கு அனுமதித்ததாக நினைப்போம். அதற்குள்ளிருந்தே அவர் எந்தக் கட்டளையும் ஓட்டக்கூடிய ஷெல்லைத் திறந்துவிட்டால் முழு ரூட்டும் அவர் கையில். அது திரும்பி வருகிற இரவலா? கோப்பைத் திருத்த மட்டும் விடும் சூடோஎடிட் வந்ததே இதற்காகத்தான். கையேட்டில் சொல் எதுவானாலும் இந்த எச்சரிக்கை ஒரு பத்தியாவது வரட்டும்.

ஆய்வகக் கையேடு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மீப்பயனர், ப் உண்டு. பாடத்தை மூன்றாகப் பிரிக்கிறேன்: கடவுச்சொல் பகிர்வு, யுஐடி 0 கணக்குகள், அதிகார இரவல். சூடோ சூடோவாகவே இருக்கும். விஐ எச்சரிக்கையைப் பெட்டிச் செய்தியாகப் போடுகிறேன். மீகாமனுக்கு இந்தப் பதிப்பில் இடமில்லை, ஐயா மன்னிக்கவும்.

வேர்ச்சொல்லன் எழுதியது:

பெரும்பான்மை முடிவு அதுவானால் அச்சடியுங்கள். என் மாணவர்களுக்கு வேர்ப்பயனர், ஆளுரிமை என்றே சொல்லித்தருவேன்.