மிக்சரில் அளவு சரி, கமராவில் ஒலி உடைகிறது: மீற்றரை எவ்வாறு வாசிப்பது?

கோணமலையான்:
அனைவருக்கும் வணக்கம். திருக்கோணேச்சரத்தில் நாதஸ்வரத்தையும் தவிலையும், மூன்று ஒலிவாங்கிகளை ஏற்கும் கையடக்க மிக்சர் ஒன்றின் ஊடாகக் கமராவுக்கு அனுப்பி ஒலிப்பதிவு செய்கின்றேன். மிக்சரின் வி.யூ. மீற்றரில் (சராசரி ஒலியளவைக் காட்டும் மீற்றர்) ஊசி பூச்சியத்தைத் தாண்டுவதில்லை. ஆயினும் தவிற்காரர் தொப்பியில் (தவிலைக் கழியால் வாசிக்கும் பக்கத்தில்) ஓங்கி அடிக்கும் இடங்களில் எல்லாம் கமராவில் ஒலி உடைந்தே பதிவாகின்றது. உள்ளே வரும் ஒலியின் பெருக்கத்தை அமைக்கும் ட்ரிம் குமிழைக் குறைத்தால், வெளியே போகும் அளவை அமைக்கும் பேடரை மேலே ஏற்ற வேண்டியுள்ளது, உடனே இரைச்சல் கேட்கின்றது. ஒலியின் உச்சத்தை எல்லைக்குள் அடக்கும் லிமிற்றரின் விளக்கோ அணைவதே அரிது. இவற்றை எந்த ஒழுங்கில் சரிசெய்ய வேண்டும்? மலையுச்சியில் கடற்காற்று எழுப்பும் உறுமலையும் மிக்சரிலேயே குறைக்க இயலுமா?

உப்புவெளி ஒலிக்காரன்:
தம்பி, இங்கே இரண்டு பிரச்சினைகள் ஒன்றாகக் கலந்துள்ளன. முதலாவது, அந்த மீற்றரின் இயல்பு. வி.யூ. ஊசி ஒரு ஒலியின் அளவுக்கு ஏறி நிற்க ஏறத்தாழ 300 மில்லிசெக்கன் எடுக்கும். தவிலின் ஓர் அடியோ அதற்கு முன்பே எழுந்து அடங்கிவிடும். ஆகவே ஊசி பூச்சியத்தில் நிற்கும்போது உண்மையான உச்சம் அதனிலும் 10 டெசிபலுக்கு மேல் உயர்ந்திருக்கலாம். உங்கள் கருவியில் பி.பி.எம். முறைக்கு (உச்ச அளவைக் காட்டும் மீற்றர் முறை) மாற்றும் வசதி இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். அது ஏறத்தாழ 10 மில்லிசெக்கனிலேயே உச்சத்தைப் பிடித்து, மெதுவாக இறங்குவதால் கண்ணுக்கும் எட்டும். பேச்சுக்கு வி.யூ. நன்று, தாளக் கருவிக்கு அது போதாது.

இரண்டாவது, மிக்சரின் பூச்சியமும் கமராவின் பூச்சியமும் ஒன்றல்ல. மிக்சரில் 1 கிலோஹேர்ட்ஸ் டோனை (ஒரே சீரான சோதனை ஒலியை) இயக்கி, அதன் மீற்றர் பூச்சியத்தைக் காட்டும் நிலையில், கமராவின் ஒலியளவுக் குமிழைத் திருப்பி அதன் டிஜிற்றல் மீற்றரை −20 டெசிபலில் நிறுத்துங்கள் (அந்த மீற்றரில் பூச்சியமே உச்ச எல்லை). ஐரோப்பிய ஒலிபரப்பு வழக்கில் இது −18 ஆகும்; எதை எடுத்தாலும் இறுதிவரை அதையே பின்பற்றுங்கள். கமராவின் தானியங்கி ஒலியளவு இயங்கிக்கொண்டிருந்தால் இந்த அளவீட்டுக்குப் பொருளே இல்லை, அதை முதலில் நிறுத்திவிடுங்கள். மிக்சரின் வெளியீடு லைனில் (வலுவான அளவில்) இருக்க, கமராவின் உள்ளீடு மைக்கில் (ஒலிவாங்கியின் மெல்லிய அளவுக்கானதில்) இருந்தாலும் ஒலி இப்படியே உடையும். எனது ஐயம் பெரும்பாலும் அங்கேதான்.

அதன் பிறகு பேடரைப் பூச்சியக் குறியில் வைத்து, தவிற்காரரை உண்மையான வேகத்தில் வாசிக்கச் சொல்லி, ட்ரிம்மால் மட்டும் அளவை அமையுங்கள். நிகழ்ச்சி தொடங்கியபின் பேடரைத் தவிர வேறெதையும் தொட வேண்டியிராது. (ஒத்திகையில் அடக்கமாக வாசித்துவிட்டு, பூசை நேரத்தில் இரு மடங்காக எழுவது நம்மூர் வழக்கம். ஆதலால் ட்ரிம்மை இன்னும் 6 டெசிபல் குறைத்தே விடுங்கள்.)

மட்டுநகர் வாசகன்:
மேலுள்ளதுடன் உடன்படுகின்றேன், லிமிற்றர் பற்றி மட்டும் சிறிது சேர்க்கின்றேன். ஊசி பூச்சியத்துக்குள் நிற்க லிமிற்றர் விளக்கு அணையாமல் எரிவது, ட்ரிம்மைக் கூட்டிவைத்துப் பேடரைத் தாழ்த்தியிருப்பதன் அடையாளமாகலாம். லிமிற்றர் எப்போதாவது மின்னி மறைய வேண்டிய காவல், தொடர்ந்து உழைக்க வேண்டியதன்று. ஓயாமல் இயங்கினால் தவிலின் அடிக்கூர்மை மழுங்கி, ஒவ்வோர் அடிக்குப் பின்னும் சூழலின் ஒலி மேலெழுவது கேட்கும். மேலும், ட்ரிம்முக்கு முன்புள்ள கட்டத்திலேயே ஒலி உடைந்துவிட்டால் எந்த லிமிற்றரும் அதைச் சீராக்காது. ட்ரிம்மை முழுவதும் குறைத்தும் உடைவு நிற்கவில்லையென்றால் ஒலிவாங்கியைப் பின்னுக்கு நகர்த்துங்கள்.

காற்றைப் பொறுத்தவரை, 80 ஹேர்ட்ஸில் லோ-கட் (அதற்குக் கீழுள்ள கனத்த ஒலிகளைக் குறைக்கும் வடிகட்டி) போடுங்கள். 160க்குப் போனால் தொப்பியின் கனம் மெலிந்துவிடும். மீனவரிடம் பேட்டி எடுக்கும்போது 160 தாராளமாகப் பொருந்தும். ஆனால் கச்சான் காற்று வீசும் மாதங்களில் மயிர் உறை இல்லாமல் லோ-கட்டை மட்டும் நம்ப வேண்டாம். ஒலிவாங்கியின் சவ்வே காற்றால் தள்ளப்பட்டுவிட்டால் அதன்பின் வடிகட்டுவதற்கு எதுவும் எஞ்சாது.

கோணமலையான்:
மிக்க நன்றி, அண்ணா. கமராவின் உள்ளீடு மைக்கில்தான் இருந்தது. லைனுக்கு மாற்றி, டோனை −20இல் அமைத்த பின் உடைவு இல்லை. ஹெட்போனில் மிக்சரைக் கேட்பதா, கமராவிலிருந்து திரும்பி வருவதைக் கேட்பதா?

உப்புவெளி ஒலிக்காரன்:
மிக்சரில் ரிட்டர்ன் வழி இருந்தால், அமைக்கும்போது மிக்சரையும், பதிவு ஓடத் தொடங்கியபின் பெரும்பாலும் கமராவையும் கேளுங்கள், ஏனெனில் கம்பி தளர்ந்தால் மிக்சரின் மீற்றர் அதைக் காட்டாது. ஹெட்போன் ஒலியளவை டோனைக் கேட்டு ஒருமுறை அமைத்தபின் மாற்றாதீர்கள். அதைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தால் காது எதைச் சொன்னாலும் நம்ப இயலாது.