எல்சாட் தருக்கக் கேள்வி: "ஆகவே" என்று தொடங்கும் வாக்கியம் எப்படி முடிவு ஆகாமல் போகும்?

ஈசூன்காரன்:

வணக்கம். சிங்கப்பூரில், துவாஸில் பொறியாளராக இருக்கிறேன். அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் எண்ணத்தில் எல்சாட் தேர்வுக்குப் படிக்கிறேன். படிப்பு முழுவதும் ரயிலில்தான். ஈசூனிலிருந்து துவாஸ் லிங்க் போய்ச் சேர்வதற்குள், உட்கார இடம் கிடைத்தால், ஒரு முழுப் பகுதியையே முடித்துவிடலாம்.

"வாதத்தின் முதன்மை முடிவு எது?" என்று கேட்கும் கேள்விகளில் விடைப் பட்டியலோடு எனக்குச் சண்டை. அசல் கேள்வியை இங்கே போடுவது முறையல்ல என்பதால் அதே அச்சில் நானே ஒன்று எழுதியிருக்கிறேன்.

"உணவங்காடி நிலையத்தில் கடை வாடகையைக் குறைத்தால் சாப்பாட்டு விலை இறங்கிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். அவர்கள் நினைப்பது நடக்காது. கடைக்காரரின் செலவில் பெரும்பகுதி அரிசிக்கும் கோழிக்கும் எண்ணெய்க்கும் ஆள்கூலிக்கும் போகிறது. ஆகவே வாடகை குறைந்தாலும் அவருடைய மொத்தச் செலவு அதிகம் இறங்காது."

அ) வாடகையைக் குறைத்தால் சாப்பாட்டு விலை இறங்கும்.
ஆ) வாடகை குறைந்தாலும் கடைக்காரரின் மொத்தச் செலவு அதிகம் இறங்காது.
இ) செலவில் பெரும்பகுதி பொருளுக்கும் கூலிக்கும் போகிறது.
ஈ) வாடகையைக் குறைப்பதால் சாப்பாட்டு விலை இறங்கிவிடாது.
உ) சாப்பாட்டு விலையை இறக்க எந்த வழியும் இல்லை.

பட்டியல் ஈ என்கிறது. நான் ஆ என்கிறேன். "ஆகவே" என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது, கடைசி வாக்கியமாகவும் இருக்கிறது. இதற்கு மேல் ஒரு முடிவுக்கு என்ன அடையாளம் வேண்டும்?

கிளமெண்டி டீச்சர்:

தம்பி, பட்டியல் சரி. தொடக்கக் கல்லூரியில் பொதுத் தாள் என்ற கட்டுரைப் பாடம் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். முடிவுரையைக் கடைசிப் பத்தியில் வை என்று பிள்ளைகளைப் பழக்குகிறோம். கட்டுரைக்கு அது நல்ல பழக்கம். பிறர் எழுதிய வாதத்தைப் பிரிக்கும்போது அதே பழக்கம் காலை வாரிவிடும்.

"ஆகவே" என்ற சொல், இந்த வாக்கியம் முந்தைய வாக்கியத்திலிருந்து பிறந்தது என்று மட்டுமே சொல்கிறது. இத்தோடு பேச்சு முடிந்தது என்று அது சொல்லவில்லை. உங்களுக்குச் சந்தேகம் ஆவுக்கும் ஈக்கும் நடுவில்தானே? இரண்டுக்கும் இடையில் "ஏனென்றால்" போட்டு இரு பக்கமும் படித்துப் பாருங்கள்.

"வாடகையைக் குறைப்பதால் விலை இறங்காது, ஏனென்றால் கடைக்காரரின் மொத்தச் செலவு அதிகம் இறங்காது." நிற்கிறது. "கடைக்காரரின் மொத்தச் செலவு அதிகம் இறங்காது, ஏனென்றால் சாப்பாட்டு விலை இறங்காது." இது உளறல். ஆக, ஆ என்பது ஈயைத் தாங்குகிறது. அந்த ஆவை இ தாங்குகிறது. ஆ நடுப்படி, அதாவது துணை முடிவு. வாதம் ஏறி நிற்கும் இடம் ஈ.

முடிவு கடைசியில்தான் வரவேண்டும் என்று நம் பழைய தருக்கமும் சொல்லவில்லை. மணிமேகலையில் அறவண அடிகள் அனுமானத்தை, அதாவது காரணத்தைக் கொண்டு ஒன்றை ஊகித்தறிவதை, விளக்கும் இடத்தைப் பாருங்கள். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது என்பது முதலில் நிற்கிறது, அது பக்கம், அதாவது நிறுவ வந்த கருத்து. புகை இருப்பதால் என்ற ஏது, அதாவது காரணம், அடுத்து வருகிறது. அடுக்களை திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு. இவற்றுக்குப் பிறகு வரும் உபநயத்தையும் (எடுத்துக்காட்டை மலைக்குப் பொருத்துவது) நிகமனத்தையும் (முடிவை மறுபடி சொல்வது) திட்டாந்தத்துக்குள்ளேயே அடக்கிவிடலாம் என்கிறார். அப்படி அடக்கிவிட்டால் நிறுவ வந்த கருத்து தலையில் மட்டும் நிற்கும், வாலில் இருக்காது.

புக்கிட் தீமா சட்ட மாணவன்:

டீச்சர் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் தேர்வறையில் எல்லா வாக்கியத்துக்கும் "ஏனென்றால்" போட்டுக்கொண்டிருக்க நேரம் இல்லை, அண்ணா. ஒரு பகுதிக்கு 35 நிமிடம். அதற்குள் இருபத்தைந்து கேள்விகள் போல இருக்கும். அந்தச் சோதனையைக் கடைசியில் மிஞ்சும் இரண்டு விடைகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் முதலில் தேடுவது "சிலர் சொல்கிறார்கள்", "பொதுவாக நம்பப்படுகிறது" போன்ற தொடக்கத்தை. பிறர் கருத்தை ஒருவர் மேடையேற்றினால் பெரும்பாலும் அடுத்து அதை அடித்து இறக்கத்தான் போகிறார். அந்த அடிதான் முடிவு. உங்கள் எடுத்துக்காட்டில் அது இரண்டாவது வாக்கியம். "அவர்கள் நினைப்பது" என்பது எது என்று விடைகளைப் பார்க்கும் முன்பே விரித்துச் சொல்லிக்கொள்ளுங்கள். விரித்தால் ஈ தானாக வரும். உ வெறும் ஊதல்: எழுதியவர் வாடகையைப் பற்றி மட்டுமே பேசினார்.

இன்னொன்று. "மேற்கண்ட கூற்றுகள் எதை அதிகம் ஆதரிக்கின்றன?" என்ற கேள்வியோடு இதைக் குழப்பாதீர்கள். அங்கே முடிவு பத்தியில் இருக்காது, நாம்தான் பெறவேண்டும். இங்கே அது பத்திக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

முதன்மை முடிவை நேராகக் கேட்கும் கேள்விகள் குறைவுதான். ஆனால் வாதத்தில் ஓட்டை எங்கே, சொல்லாமலே எடுத்துக்கொண்ட கருத்து எது, வாதத்தை வலுப்படுத்துவது எது என்று கேட்கும் எல்லாவற்றுக்கும் முதல் வேலை இதுதான். 2024 ஆகஸ்ட்டிலிருந்து புதிர் விளையாட்டுப் பகுதியை எடுத்துவிட்டு, மதிப்பெண் உள்ள தருக்கப் பகுதிகளை இரண்டாக்கிவிட்டார்கள். இதில் தடுமாறினால் ஒளிந்துகொள்ள வேறு இடம் இல்லை.

ஈசூன்காரன்:

"ஏனென்றால்" சோதனை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் "அவர்கள் நினைப்பது நடக்காது" என்பது வெறும் மறுப்பு. அதில் புதிதாக ஒன்றும் இல்லையே? மொத்தச் செலவைப் பற்றிய வாக்கியத்திலாவது ஒரு தகவல் இருக்கிறது.

கிளமெண்டி டீச்சர்:

தகவல் கனமாக இருப்பதால் அது முடிவாகிவிடாது. கனமான தகவல் பெரும்பாலும் ஆதாரமாகத்தான் இருக்கும். "நீ சொல்வது நடக்காது" என்பதும் ஒரு நிலைப்பாடு. அதை நான் நம்பவேண்டும் என்றால் நீங்கள் காரணம் சொல்லியாக வேண்டும். எழுதியவர் எந்த வாக்கியத்துக்காக இவ்வளவு பாடுபடுகிறார் என்று பாருங்கள்.

இணைப்புச் சொல்லே இல்லாத ஒன்று தருகிறேன்.

"பெரிய பேரங்காடிகளில் 2023 ஜூலை 3 முதல் பொருள் போட்டுத் தரும் பை ஒன்றுக்குக் குறைந்தது 5 காசு வாங்குகிறார்கள். இந்தக் கட்டணத்தை ஈரச்சந்தைக்கும் நீட்டிப்பது வீண் வேலை. அங்கே வருபவர்களில் பலர் வீட்டிலிருந்தே தள்ளுவண்டி கொண்டுவருகிறார்கள். மீனையும் இறைச்சியையும் எப்படியும் ஏதாவது ஒன்றில் சுற்றித்தான் தரவேண்டும். பேரங்காடிகளில் கட்டணம் பயன் தரவில்லை என்று நான் சொல்லவில்லை."

வாதம் உண்மையா என்று என்னோடு மல்லுக்கு நிற்காதீர்கள். எனக்கே அதில் உடன்பாடு இல்லை.

ஈசூன்காரன்:

இரண்டாவது வாக்கியம். முதல் வாக்கியம் பின்னணி. மூன்றாவதும் நான்காவதும் காரணங்கள். ஆனால் கடைசி வாக்கியத்தை எங்கே வைப்பது? அதுவும் எழுதியவரின் சொந்தக் கருத்துத்தானே?

கிளமெண்டி டீச்சர்:

சொந்தக் கருத்துத்தான், ஆனால் அதைத் தாங்க ஒரு வாக்கியம்கூட இல்லை. தள்ளுவண்டியும் மீனும் அதற்கு ஆதாரமா? இல்லை. அது வேறு எதையும் தாங்கவும் இல்லை. தன் முடிவு எதுவரை போகும் என்று எழுதியவர் போட்ட வேலி அது. இப்படி ஒரு வேலி வாக்கியத்தைப் பத்தியின் கடைசியில் நிறுத்திவிட்டு, அதையே விடைகளில் ஒன்றாகவும் வைப்பார்கள். வாலைப் பிடிப்பவர்களுக்கான பொறி. அடுத்த தடவை விடைகளைக் கையால் மறைத்துக்கொண்டு, முடிவை உங்கள் சொல்லில் ஓரத்தில் எழுதிவிட்டு, அப்புறம் கையை எடுங்கள்.

புக்கிட் தீமா சட்ட மாணவன்:

டீச்சர், தேர்வு கணினியில். ஓரம் கிடையாது, கிறுக்குத் தாள்தான்.