இரவு ஒன்பது மணி இணையம்: எங்கள் குடும்பக் குழுவில் நடந்த விசாரணை

இரவு 9:04

பெரியப்பா: யாராவது விழித்திருக்கிறீர்களா? நான் பணம் கட்டுவது 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) இணைய வேகத்துக்கு. இப்போது சோதித்தால் 17 காட்டுகிறது. பட்டப்பகல் கொள்ளை.

முகில்: பெரியப்பா, இப்போது இரவு.

பெரியப்பா: உனக்கு வாய் மட்டும் முழு வேகத்தில் ஓடுகிறது.

அத்தை: இங்கேயும் அதே கதைதான் அண்ணா. காலையில் பளிச்சென்று தெரிகிற முகங்கள் ராத்திரியானால் கட்டம் கட்டமாகிவிடுகின்றன.

பெரியப்பா: நிறுவனம் வேண்டுமென்றே குறைக்கிறது. நிலா, நீ அந்தத் தொழிலில்தானே இருக்கிறாய்? மழுப்பாமல் சொல்.

இரவு 9:11

நிலா அக்கா: வேண்டுமென்றே குறைப்பதும் உண்டு, கூட்டத்தால் தானாகக் குறைவதும் உண்டு. உங்களுடையது எது என்று பார்க்க வேண்டும். உங்களுக்கு வருவது ஃபைபர் இணைப்பு. தெருவில் இருக்கும் ஸ்ப்ளிட்டர் ஓர் ஒளியிழையை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்துத் தருகிறது. ஒரே இழையை இப்படிப் பல வீடுகள் பகிரும் ஜிபான் என்ற முறையில் அந்த இழை முழுவதற்கும் சேர்த்து இறங்கு வேகம் ஏறக்குறைய 2.5 ஜிபிபிஎஸ், அதாவது 2,500 எம்பிபிஎஸ். 64 வீட்டுக்கும் ஆளுக்கு 100 என்று விற்றால் 6.4 ஜிபிபிஎஸ்.

பெரியப்பா: இருப்பது 2.5, விற்றது 6.4. நான் வேலை பார்த்த காலத்தில் இப்படிக் கணக்கு எழுதியவனை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன்.

நிலா அக்கா: கொஞ்சம் பொறுங்கள். உயர்தரப் படத்துக்கு 5 எம்பிபிஎஸ் போதும், 4கே என்றால் 15. அறுபத்துநான்கு வீட்டிலும் ஒரே நேரத்தில் 4கே ஓடினாலும் 960 எம்பிபிஎஸ்தான் ஆகிறது, அந்த இழையில் பாதிகூட இல்லை. எல்லோரும் ஒரே நொடியில் முழு வேகத்தையும் இழுப்பதில்லை. தொலைபேசிக் காலத்திலேயே இதற்குக் கணக்கு உண்டு. டென்மார்க்கின் கணித அறிஞர் எர்லாங் 1917-இல் சூத்திரமே எழுதிவிட்டார்: ஊரில் எத்தனை தொலைபேசிகள் என்று பார்க்காதே, ஒரே நேரத்தில் எத்தனை பேர் பேசுகிறார்கள் என்று பார்த்துக் கம்பி போடு.

பெரியப்பா: எல்லாம் சரி. எனக்கு ஏன் 17?

நிலா அக்கா: நெரிசல் அதற்கு மேலே இருக்கலாம். பல தெருக்களின் இழைகள் சேரும் இடத்திலிருந்து வெளியே போகும் இணைப்பை, அதாவது மேலிணைப்பை, விரிவாக்காமல் விட்டிருந்தால் மாலை 7 மணிக்கு மேல் அது நிரம்பிவிடும். சண்டை போடுவதானால் அதற்குப் போடுங்கள்.

இரவு 9:20

முகில்: அக்கா, டோரண்ட் வழியாக ஒருவருக்கொருவர் கோப்பு பகிர்கிறவர்களைத் தனியாகப் பிடித்து அடிப்பார்களாமே?

நிலா அக்கா: அடித்தார்கள். அமெரிக்க இணைய நிறுவனமான காம்காஸ்ட் அதைத்தான் செய்தது. பிட்டோரண்ட் இணைப்புக்கு நடுவே போலித் துண்டிப்புச் செய்திகளை அனுப்பியது. இந்த முனையில் இருப்பவர் அந்த முனை துண்டித்துவிட்டது என்று நினைப்பார், அந்த முனையில் இருப்பவரும் அப்படியே. 2007-இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் சோதித்துப் பார்த்துச் செய்தி வெளியிட்டது. 2008 ஆகஸ்டில் அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான எஃப்சிசி கண்டித்தது. அந்த உத்தரவு 2010-இல் நீதிமன்றத்தில் நிற்கவில்லை என்பது வேறு கதை.

பெரியப்பா: நான் சொன்னேன் அல்லவா!

நிலா அக்கா: அதன்பிறகு காம்காஸ்ட் கொண்டுவந்து சில ஆண்டுகள் வைத்திருந்த முறை எனக்குப் பிடிக்கும். முதலில், அந்தப் பகுதி நிரம்பும் நிலைக்கு வந்திருக்க வேண்டும். அப்போதும் யார் தன் வேகத்தில் 70 சதவீதத்துக்கு மேல் 15 நிமிடம் தொடர்ந்து இழுக்கிறாரோ, அவருடைய முன்னுரிமை மட்டும் ஒரு படி இறங்கும். இடம் இருந்தால் அவருக்கும் முழு வேகம் கிடைக்கும், இல்லையென்றால் மற்றவர்களுக்கு அடுத்துத்தான். அவர் பயன்பாடு 50 சதவீதத்துக்குக் கீழே வந்து 15 நிமிடம் ஆனதும் பழைய நிலை. எதைப் பார்க்கிறீர்கள் என்று எட்டிப் பார்ப்பதில்லை. 2010-இல் இதை ஆர்எஃப்சி 6057 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக எல்லோரும் படிக்க எழுதியும் வைத்துவிட்டார்கள்.

அத்தை: எனக்கு இது ஒப்பவில்லை நிலா. இடம் போதாதது நிறுவனத்தின் குறை. அதற்கு அதிகம் பயன்படுத்துகிறவனை ஏன் பின்னால் தள்ள வேண்டும்? அவனும் காசு கட்டியிருக்கிறான்.

நிலா அக்கா: எப்போதாவது ஒரு நாள் நெரிசல் என்றால் இதைவிட நியாயமான வழி இல்லை அத்தை. தினமும் நிரம்புகிறது என்றால் நீங்கள் சொல்வதுதான் சரி. அப்போது இது மேலாண்மை அல்ல, செலவைத் தள்ளிப்போடுவது.

முகில்: என் இணைப்பில் மாத வரம்பு இருக்கிறது. தாண்டினால் ஆமை வேகம்தான்.

நிலா அக்கா: அதுதான் எனக்கு எரிச்சல். நேர்மையான பயன்பாட்டுக் கொள்கை என்று பெயர், ஆனால் மாலை நெரிசலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. விடியற்காலை 3 மணிக்கு 300 ஜிபி இறக்குகிறவனால் யாருக்கும் இடைஞ்சல் கிடையாது. அவன் வரம்பைத் தாண்டிவிடுவான். இரவு 9 மணிக்கு எல்லோருடனும் சேர்ந்து இழுப்பவன் மாதக் கணக்கில் மாட்டவே மாட்டான்.

அத்தை: அது கிடக்கட்டும். பெரிய தளங்களின் படம் ஓடுகிறது, சின்னத் தளங்கள்தான் திணறுகின்றன. அது ஏன்?

நிலா அக்கா: நெட்ஃபிளிக்ஸ் போன்றவை தங்கள் சேமிப்புப் பெட்டிகளை இணைய நிறுவனங்களுக்கு உள்ளேயே வைத்திருக்கின்றன. கூட்டமில்லாத நேரத்தில் படங்களை அதில் நிரப்பிவிடுவார்கள். மாலையில் நீங்கள் கேட்கும்போது அது பக்கத்திலிருந்தே வருகிறது. நெருக்கடி வந்தால் அவர்களே தரத்தையும் இறக்குவார்கள். 2020 மார்ச்சில் ஐரோப்பாவில் 30 நாளுக்கு அப்படி இறக்கி, தங்கள் தரவுப் போக்குவரத்தை 25 சதவீதம் குறைத்தார்கள்.

இரவு 9:38

நிலா அக்கா: பெரியப்பா, மோடத்திலிருந்து மடிக்கணினிக்கு நேரே கேபிள் செருகி ஒருமுறை சோதியுங்கள். வைஃபை வேண்டாம்.

பெரியப்பா: அலமாரிக்குப் பின்னால் கை விட்டு மணிக்கட்டில் சிராய்ப்பு. 31 வருகிறது.

நிலா அக்கா: அப்படியானால் 17-க்கும் 31-க்கும் நடுவில் இருப்பது உங்கள் வீட்டுக் கணக்கு. வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றுதான், அதில் அக்கம்பக்கம் முழுவதும் நெருக்கியடிக்கிறது. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். 31-க்கு மேல் உள்ள பாக்கிக்கு நிறுவனம் பதில் சொல்லட்டும். காலையிலும் கேபிளில் பாருங்கள்.

காலை 6:12

பெரியப்பா: கேபிளில் 94.

நிலா அக்கா: அப்படியென்றால் உங்கள் இழையிலோ மோடத்திலோ கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு. மாலையில் மட்டும் விழுகிறது. ஒரு வாரம் இரண்டு வேளையும் குறித்துவைத்து எழுதிக் கொடுங்கள். மேலிணைப்பு மாலையில் எத்தனை சதவீதம் நிரம்புகிறது, எப்போது விரிவாக்குவீர்கள், கூட்ட நேரத்தில் வேகத்தைக் குறைக்கும் விதி உங்கள் இணையதளத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். பக்கத்து வீட்டு வேக அளவுகளும் இருந்தால் நல்லது. ஒருவர் மட்டும் எழுதினால் வீட்டுக் கோளாறு என்று கோப்பை மூடிவிடுவார்கள்.

பெரியப்பா: பக்கத்து வீட்டுக்காரனோடு எனக்குப் பேச்சு கிடையாது.

அத்தை: அண்ணியும் அந்த அம்மாவும் தினமும் பேசுகிறார்கள். அண்ணியிடம் சொல்லுங்கள்.

பெரியப்பா: சொல்லிவிட்டேன். அங்கே நேற்று இரவு 29 காட்டியதாம்.