சோழவரம் ஓடுதளம்: யாருக்காவது விவரம் தெரியுமா?

கேள்வி: சின்ன வயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து, சென்னைக்கு அருகே சோழவரத்தில் நடந்த கார் பந்தயம் பார்த்திருக்கிறேன். டயர் கருகிய வாசனை இன்னும் மூக்கிலேயே இருக்கிறது. பந்தயம் நடந்த அந்த இடம் போர்க்கால விமானத்தளம் என்று இப்போதுதான் தெரிந்தது. அங்கே எதற்கு விமானத்தளம்?

பதில்: இரண்டாம் உலகப்போரில் போட்டது. 1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் கொழும்பு, விசாகப்பட்டினம், காக்கிநாடா, திரிகோணமலை என்று வரிசையாகக் குண்டு போட்டன. சென்னையை விட்டு மக்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். கிழக்குக் கரைக்குக் காவல் வேண்டியிருந்தது.

மற்றொரு பதில்: உளுந்தூர்பேட்டையிலும் அந்தக் காலத்து ஓடுதளம் உண்டு.

கேட்டவர்: ரொம்ப நன்றி. பந்தயப் பாதையின் அந்த நேர்ச்சாலை ஏன் அவ்வளவு நீளம் என்று இப்போது புரிகிறது. அப்பாவிடம் இன்றே சொல்ல வேண்டும்.